காருக்குள் கிடந்த நத்தைகள்

மழைத் தண்ணீர் நாறாது. கூரை ஒழுகிப் பாய் நனைந்தாலும், அரை நாள் வெயில் பட்டால் போதும், மண் வாசனையோடு போய்விடும். நாறுவது தேங்கி நின்ற தண்ணீர்தான். பாசியும் சேறும் எருமை மூத்திரமும் கலந்த நாற்றம் அது. விஜயதசமி அன்று காலை எங்கள் அம்பாசிடர் காரின் பின்கதவைத் திறந்ததும் அந்த நாற்றம் குப்பென்று என் முகத்தில் அடித்தது. அப்போதே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. நாங்கள் திண்டிவனத்துக்குக் கிழக்கே, பிரம்மதேசம் போகிற பக்கத்தில் ஒரு ஊரில் இருந்தோம். என் வீட்டுக்காரர் மல்லாட்டை வியாபாரம் செய்தவர்; நிலக்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பழைய கார் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தி, ஓர் ஆண்டு கூட ஆசையாய் ஏறி உட்காராமல் காய்ச்சலில் போய்விட்டார். காரை விற்றுவிடு என்று சொல்லாத வாய் இல்லை. நான் விற்கவில்லை. கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்கு விட்டேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான் நான், ஆனாலும் என் சாமானை எனக்கு நிர்வாகம் செய்யத் தெரியும். காரை ஓட்டியது என் கொழுந்தன். ஓட்டிய பழக்கத்தில் அது தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டார். ஊரின் முகப்பில் அவர் வீடு, உள்ளே தள்ளி என் வீடு. காரை எடுத்தால் போகும்போதும் வரும்போதும் அவர் வாசலில் நின்றுதான் நகரும்.

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கட்டை வண்டி, ஏர், டிராக்டர் எல்லாவற்றையும் ஏரியில் இறக்கிக் கழுவுவார்கள். மாட்டோடு வண்டியையும் தண்ணீரில் விட்டால் வைக்கோலால் தேய்த்து, குளிப்பாட்டி, வெயில் சாய்வதற்குள் ஏற்றிவிடலாம். அந்த வருஷம் ஆவணியிலேயே மழை பிடித்து ஏரிகளெல்லாம் பாதிக்கு மேல் நிறைந்திருந்தன. கொழுந்தன் சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

"அண்ணி, வண்டியக் கழுவிக்கினு வர்றேன். நம்ம ஏரியில எருமைங்க கலக்கி வச்சிருக்குது. பக்கத்து ஊரு ஏரித் தண்ணி கண்ணாடி மாதிரி கீது."

வாளியில் மொண்டு ஊற்றிக் கழுவுவார் என்று நினைத்தேன். சாயங்காலம் நான் திண்டிவனம் சந்தைக்குப் போய்த் திரும்பியபோது கார் மாட்டுக் கொட்டகையில் நின்றது. மேலெல்லாம் ஈரம். கழுவின வண்டி ஈரமாகத்தானே இருக்கும். மறுநாள் அவரே சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், வாழைக்கன்று கட்டினார். கதவை மட்டும் திறக்க விடவில்லை. "தூசி போவும் அண்ணி" என்றார்.

விஜயதசமிக்கு நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை நகர்த்தி நசுக்க வேண்டும். அக்கம்பக்கம் வந்து நின்றது. கொழுந்தன் ஏறி உட்கார்ந்து செல்ஃப் ஸ்டார்ட்டரைத் தட்டினார். டிக் என்றது. மறுபடி டிக். எலுமிச்சம்பழங்கள் வைத்தது வைத்தபடி கிடந்தன. அப்போதுதான் நான் போய்ப் பின்கதவைத் திறந்தேன்.

என்னை முந்திக்கொண்டு அவர் கத்தினார். "பூஜை அன்னிக்கு யாரு கண்ணாடிய எறக்கி வுட்டது? நேத்து பெஞ்ச மழை பூரா கொட்டகை ஒழுகி உள்ள போயிருக்குது பாரு! அண்ணி, நீங்கதான் விபூதி பூசறேன்னு போனீங்க!"

நான் கதவைத் தொட்டதே அப்போதுதான். கூட்டத்துக்கு முன்னால் சொன்னால் கூட்டம் எதை நம்பும்? வண்டி ஓட்டுகிற ஆண்பிள்ளையைத்தான் நம்பும். ஒரு கிழவர், "பழம் நசுங்கலியே, சகுனம் சரியில்லியே" என்று தலையை ஆட்டிக்கொண்டு போனார். கொழுந்தன் என் பக்கத்தில் வந்து குரலைத் தணித்துச் சொன்னார்: "இனி இது தேறாது அண்ணி. உங்களுக்கு எதுக்கு இந்தப் பேஜாரு? எங்க வூட்டாண்ட தள்ளி வுட்டுடுங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்பது எனக்குத் தெரியாதா?

எனக்கு அந்தக் கார் ஓட வேண்டும். அதற்குக் காரணம் இருந்தது. என் ஒரே பெண்ணை விழுப்புரத்தில், ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் கொடுத்திருந்தேன். அவள் தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். தீபாவளி கழிந்த வளர்பிறையில் வளைகாப்பு, அன்றே அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அது நடக்காவிட்டால் தாய் செத்த வீடு என்று பொருள். நான் போய்ப் பார்த்தபோது அவள் கால் இரண்டும் வீங்கியிருந்தன. அந்தக் காலோடு கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். என் சம்பந்தி அம்மாள் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னாள்: "பஸ்ஸுல இடிபட்டு இட்டுக்கினு போறதுன்னா நான் அனுப்ப மாட்டேன். காரு கீது காருன்னு சொல்லித்தானே பொண்ணு குடுத்தீங்க? காரு வந்தா பொண்ணு வரும். இல்லன்னா இங்கியே பெத்துக்கட்டும்." இங்கேயே பெறுவதென்றால், பெறுகிற வரைக்கும் அந்தக் கிணறுதான்.

வாடகைக் கார் பிடித்தால் என்ன என்று கேட்பீர்கள். என்னிடமே கார் இருக்கும்போது வாடகைக் காரில் போய் அந்த அம்மாள் வாசலில் நான் இறங்குவேனா?

கூட்டம் கலைந்ததும் பின்சீட்டை நானே தூக்கினேன். அடியில் வண்டல் படிந்து கிடந்தது, விரல் கணுவளவு. அதில் நத்தைகள், சிறிசும் பெரிசுமாக. ஒன்று இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு மூலையில் செத்த கெண்டைக் குஞ்சு. முன்னால் போய்ப் பார்த்தேன். வேகம் காட்டுகிற மீட்டரில் பாதிக் கண்ணாடிக்குத் தண்ணீர் நின்றது, சோடா பாட்டில் மாதிரி. பின்பம்பரைக் குனிந்து பார்த்தேன். ஒரு பக்கம் வளைந்து, கயிறு அறுத்த தடம். மாடு கட்டி இழுத்த தடம் எது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கட்டை வண்டியை இறக்குகிற மாதிரி காரையும் மூக்கோடு ஏரியில் இறக்கியிருக்கிறார். வண்டிச் சக்கரம் சேற்றில் நிற்கும், கார்ச் சக்கரம் புதையும். அந்த ஒன்றை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

நத்தைகளை ஒரு தாம்பாளத்தில் எடுத்து வைத்தேன். சீர் கொண்டு போகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெரு வழியாக நடந்து போய், அவர் வாசலில் வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

"இது இன்னா தம்பி?"

"நத்தை."

"மழையில பேஞ்சுதா?"

"காத்து மழை அண்ணி. எங்கிருந்தாவது அடிச்சிக்கினு வந்திருக்கும்."

"கண்ணாடி வழியா வந்து, சீட்டத் தூக்கிக்கினு, அடியில போயி படுத்துக்கிச்சா?"

உள்ளே அவர் பெண்டாட்டி சிரித்துவிட்டாள். சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்புதான் அவரைக் கிளப்பிவிட்டது.

"பொம்பள காரு வச்சிக்கினா இப்படித்தான்! தாலி இல்லாதவ கையால எடுத்துக் குடுத்த எலுமிச்சம்பழம் எங்கிருந்து நசுங்கும்? சொல்லு பாப்போம்!"

அதுவரை அண்ணி, நீங்க. அன்றிலிருந்து நீ. நான் கையை நீட்டினேன்.

"சாவியக் குடு."

"யாரு ஓட்டுவா?"

"ரோட்டுல ஓட்டத் தெரிஞ்சவன் எவனாவது ஓட்டுவான். ஏரியில ஓட்டறவன் எனக்கு வாணாம்."

ஏரி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தார். கையில் தராமல் நத்தைத் தாம்பாளத்தில் போட்டார். பரவாயில்லை, சாவி சாவிதான்.

அவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மறுநாளே விழுப்புரம் பஸ் ஏறி என் சம்பந்தி வீட்டுக்குப் போய், கார் காயலான் கடைக்குத்தான் ஆகும் என்றும், வளைகாப்புக்குத் தான் வரப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வீட்டு ஆண்பிள்ளையாக முன்னால் நடந்து சீர்த் தட்டைக் கொடுக்க வேண்டியவர் அவர்தான். தாலியறுத்த நான் தட்டோடு முன்னால் போகக்கூடாது. அது தெரிந்துதான் செய்தார். சம்பந்தி அம்மாளிடமிருந்து ஆள் வந்தது. "காரும் இல்ல, ஆம்பளையும் இல்லன்னா, சீரை பஸ்ஸுல போட்டு அனுப்பிடச் சொன்னாங்க. பிரசவம் அங்கியேதானாம்."

"காரு வரும்னு சொல்லு" என்று சொல்லி அனுப்பினேன்.

டிராக்டரில் கட்டி இழுத்துத் திண்டிவனம் கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கார் எலக்ட்ரீஷியன். கொழுந்தனுக்குத் தெரிந்தவர், இருவரும் ஒரே கடையில் டீ குடிக்கிறவர்கள். அவர் முன்மூடியைத் திறந்து பார்த்து, எண்ணெய்க் குச்சியை உருவினார். மோர் மாதிரி வெளுத்திருந்தது.

"தலையச் சுத்தி வீசிடும்மா. டைனமோல தண்ணி. செல்ஃப் எரிஞ்சே போச்சு, தண்ணியோட தண்ணியா அடிச்சிருக்காங்க. ஒயருல்லாம் இன்னும் கொஞ்ச நாள்ல பச்சை பூத்துரும். யாரு மெனக்கெடறது?"

"நீதான்."

"எனக்கு வேற வேல இல்லியா?"

"இருக்கட்டும். முடிச்சிட்டு வா. நான் இங்கியே குந்திக்கினு இருக்கேன்."

அவர் பட்டறைக்கு எதிரில் ஒரு பழைய டயரைப் போட்டு உட்கார்ந்தேன். கட்டுச்சோறு கொண்டு போயிருந்தேன். வருகிறவர் போகிறவரெல்லாம் என்ன பாட்டிம்மா என்று கேட்டார்கள். எனக்கு அப்போது பாட்டி வயது இல்லை. "காரு ரிப்பேருக்கு வந்திருக்கேன், இவரு செய்ய மாட்டேங்கறாரு" என்று எல்லாரிடமும் ஒரே பாட்டைப் பாடினேன். சாயங்காலத்துக்குள் அவருக்குப் பொறுக்கவில்லை. ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தாயே, நீ எழுந்து வூட்டுக்குப் போ. நான் பாக்கறேன்." நான் போகவில்லை. டைனமோவைக் கழற்றுகிற வரை இருந்துவிட்டுத்தான் போனேன். மறுநாள் காலையில் அவர் பட்டறையைத் திறப்பதற்கு முன்னால் டயரில் இருந்தேன்.

ஒயர் வேலை அவருடையது. சீட்டு வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஐப்பசி மழை தொடங்கிவிட்டது, வீட்டில் காய வைக்க வழியில்லை. நாங்கள் நெல் அவிக்கக் கொடுக்கிற ரைஸ் மில்லில் பாய்லரை ஒட்டி ஒரு தாழ்வாரம் உண்டு, எப்போதும் சுடும். சீட்டுகளைக் கொண்டு போய் அங்கே சாத்தினேன். மில்காரர், "நெல்லு காயற எடத்துல இன்னாம்மா நாத்தம்?" என்று மூக்கைப் பொத்தினார். "ஊற வச்ச நெல்லு மட்டும் மணக்குதா?" என்றேன். போய்விட்டார்.

மேலே ரெக்சின் சுட்டது, காய்ந்துவிட்டது என்று மில்லில் எல்லாரும் சொன்னார்கள். நான் முழங்காலால் அழுத்திப் பார்த்தேன். தையல் வழியாகத் தண்ணீர் கசிந்தது. மேல் ஓடு காய்ந்து உள்ளே பருப்பு ஈரமாக இருக்கிற மல்லாட்டையை மூட்டை கட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், பூஞ்சை பூத்துக் கசந்து போகும். தையலை அறுத்து, உள்ளே இருந்த தேங்காய் நார் மொத்தத்தையும் பிய்த்து வெளியே எடுத்தேன். கறுத்து, சேறு பூசி, செத்த எலி மாதிரி இருந்தது. அலசிப் பிழிந்து, மல்லாட்டையைப் பரப்புகிற மாதிரி தாழ்வாரத்தில் பரப்பி, நாளுக்குப் பல தடவை கிளறிவிட்டேன். கையில் எடுத்து நொறுக்கினால் சலசலக்கும் வரை விடவில்லை. பிறகு திணித்து, சாக்கு தைக்கிற கோணி ஊசியாலேயே தைத்தேன். ரெக்சின் சூட்டில் அங்கங்கே வெடித்துவிட்டது. வெடித்தால் வெடிக்கட்டும், சிங்காரத்துக்கா அது?

நாற்றம் மட்டும் போகவில்லை. சோப்புப் போட்டாலும் வேப்பிலைத் தண்ணீர் தெளித்தாலும், கதவை மூடித் திறந்தால் ஏரி அப்படியே உள்ளே உட்கார்ந்திருந்தது. கடைசியில் தணல் சட்டியை மணல் கொட்டிய தட்டில் வைத்துக் காருக்குள் வைத்து, சாம்பிராணி போட்டு, பக்கத்திலேயே நின்று புகை பிடித்தேன். பிள்ளை பெற்றவள் தலைக்குப் பிடிக்கிற மாதிரி.

வளைகாப்புக்கு முந்தின நாள் எலக்ட்ரீஷியன் ஹாண்டில் போட்டுச் சுற்றினார். கார் இருமியது, புகைந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. அவர் சந்தோஷப்படவில்லை.

"செல்ஃப் இல்ல, ஹாண்டில்தான். பெட்ரோல் முள்ளு பொய் சொல்லும். ஹாரன் ஒயரு ஸ்டேரிங் உள்ள போவுது, அங்க எனக்குக் கை போவல. ஈரம் பட்டா தானா அடிக்கும். அடிச்சா முன்மூடியத் தொறந்து இந்த ஒயர உருவிடணும்."

"யாரு உருவுவா?"

"உங்க டிரைவரு."

"நீதான் டிரைவரு. வழியில நின்னா யாரு பாப்பா? செஞ்சவனே வா."

முனகிக்கொண்டே வந்தார். கிளம்பும் முன் காரைக் கொட்டகைக்குக் கொண்டு வரச் சொல்லி, சுருங்கிக் கறுத்துக் கிடந்த அதே எலுமிச்சம்பழங்களைச் சக்கரத்துக்கு அடியில் என் கையால் வைத்தேன். கார் ஏறியது. படக் படக்கென்று நசுங்கின.

விழுப்புரத்தில் சம்பந்தி வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். காரைப் பார்த்ததும் அந்த அம்மாள் முகம் சுண்டியது. சீர்த் தட்டுகளை அவள் வீட்டுச் சுமங்கலிகள் வந்து வாங்கிக்கொண்டார்கள்.

"ஆம்பள யாரும் வரலியா சம்பந்தி?"

"காரு வந்திருக்குது. நீங்க கேட்டது காருதானே?"

"நல்ல காரியம் நடக்கற எடம். நீங்க அப்படி ஓரமா..." என்று தெருப் பக்கம் கையைக் காட்டினாள்.

நான் ஓரமாக நிற்கவில்லை. போய் என் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கிருந்தே என் பெண் கையில் வளையல் ஏறுவதைப் பார்த்தேன். நலங்குப் பாட்டு பாடினார்கள். அப்போது தூறல் போட்டது. காரின் மூக்கு நனைந்தது. ஹாரன் பாட்டுக்கு நடுவே கூவத் தொடங்கியது. ஒரே கூவல், மூச்சே விடவில்லை. பாட்டு நின்றது. தெருவே கூடிவிட்டது. எலக்ட்ரீஷியன் சந்தனத்தோடு ஓடி வந்து முன்மூடியைத் தூக்கி ஒயரை உருவினார்.

"இன்னா சம்பந்தி, காரு அழுவுது?" என்றாள் அந்த அம்மாள் பந்தலில் இருந்தபடியே. பெண்கள் சிரித்தார்கள்.

"நேரமாச்சுன்னு கூப்பிடுது. அனுப்பி வையுங்க."

அனுப்பாமல் இருக்க அவளுக்குச் சாக்கு இல்லை. என் பெண்ணைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். பின்கதவைத் திறந்ததும் மூக்கைச் சுளித்துக்கொண்டு பின்வாங்கினாள்.

"இன்னா இது, புள்ள பெத்த வீடு மாதிரி நாறுது?"

"புள்ள பெறத்தானே இட்டுக்கினு போறேன்."

என் பெண் சேலையைச் சுருட்டிப் பிடித்து உள்ளே ஏறினாள். வெடித்த ரெக்சின் வழியாக நார் குத்தியதும் "ம்மா, முள்ளு" என்றாள். "கெணத்துக் கயித்த விடவா?" என்றேன். சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எலக்ட்ரீஷியன் ஹாண்டிலைச் சுற்ற, கார் கிளம்பிவிட்டது.

திண்டிவனம் தாண்டி எங்கள் ஊர்ப் பாதையில் திரும்பியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. பக்கத்து ஊர் ஏரிக்கரை வந்தது. தண்ணீர் கரை தொட்டுக் கிடந்தது. நிறுத்தச் சொன்னேன்.

"இன்னாம்மா?"

"அந்த ஒயர மாட்டு."

"ஈரம் காயலம்மா. மாட்டினா கத்தும்."

"கத்தட்டும். மாட்டு."

"ம்மா, வேணாம்மா" என்றாள் என் பெண். "உள்ள ஒதைக்குது."

"ஒதைக்கட்டும். சின்னத் தாத்தா வூட்டத் தெரிஞ்சிக்கட்டும்."

எலக்ட்ரீஷியன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இறங்கிப் போய் மாட்டினார். ஏரிக்கரையிலிருந்து எங்கள் ஊர் முகப்பு வரை அந்த ஹாரன் ஓயவில்லை. கொக்குகள் எழுந்தன, நாய்கள் ஓடி வந்தன. கொழுந்தன் வீட்டு வாசலில் மெதுவாகப் போகச் சொன்னேன். அவர் துண்டைத் தோளில் போட்டபடி வெளியே வந்து நின்றார். தெருவில் எல்லாரும் காரைப் பார்த்தார்கள், பின்சீட்டில் வளையலோடு இருந்த என் பெண்ணைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள். நான் கண்ணாடியை இறக்கவில்லை.

பிறந்தது பேத்தி. கொழுந்தன் வந்து பார்க்கவில்லை, நானும் சொல்லி அனுப்பவில்லை. அவர் பெண்டாட்டி மட்டும் பின்வாசல் வழியாக வந்து பார்த்துவிட்டுப் போனாள். நத்தை கதை அவள் வாயாலேயே ஊருக்குத் தெரிந்துபோனது.

கார் அதற்குப் பிறகும் சில வருஷங்கள் ஓடியது. ஒவ்வொரு ஐப்பசியிலும் முதல் தூறலுக்கு அந்த ஹாரன் தானாகக் கூவும். கூவினால் ஊரில் யாராவது ஒருவர், "ஏரியில எறங்குன காரு" என்று சொல்லி முகப்பு வீட்டைத் திரும்பிப் பார்ப்பார். செல்ஃபை மாற்ற வந்த எலக்ட்ரீஷியன், ஸ்டேரிங்கைக் கழற்றி அந்த ஒயரையும் மாற்றித் தருகிறேன் என்றார்.

அது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.